ஒன்பது வருஷ உசார்

குருவிக்கரடு என்கிற ஊரில் ஒரு சொல் ஒன்பது வருஷம் முடியாமல் நின்றது. மாசி மாதத்து ஒரு காலையில், வெயில் பாறையில் ஏறத் தொடங்கிய நேரத்தில், ஒச்சப்பன் கூப்பாட்டுப் பாறைமேல் நின்று இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கத்திய சொல் அது. மற்ற நாட்களில் கரட்டில் முட்டி, கண்மாய்த் தண்ணீரில் விழுந்து, கருவேலங்காட்டுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகிற அந்தச் சொல் அன்றைக்கு எங்கும் போகவில்லை. ஓட்டு வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கும் கொஞ்சம் உயரத்தில், நின்றுகொண்டது. கத்தியவன் வாயை மூடிவிட்டான். சொல் மூடவில்லை.

உசார் என்பதுதான் அந்தச் சொல்.

வெளியூரில் உசார் என்றால் ஏமாறாதவன் என்று அர்த்தம். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்கிறவனை உசாரான ஆள் என்பார்கள். குருவிக்கரட்டில் அந்தச் சொல்லுக்கு அப்படிப்பட்ட சில்லறை வேலையெல்லாம் கிடையாது. அது கல் உடைத்துத் தின்கிற ஊர். கரட்டில் குழி போட்டு, குழியில் மருந்து இடித்து, திரி வைத்த பிறகு, கூப்பாட்டுக்காரன் பாறைமேல் ஏறி மூன்று தரம் உசார் சொல்லுவான். முதல் உசாருக்குக் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும், சுத்தியலானாலும் சோற்றுச் சட்டியானாலும். இரண்டாவது உசாருக்குப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும், யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று. மூன்றாவது உசாருக்குப் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுக்க வேண்டும். பிறகு வெடி. வெடி முடிந்ததும் கூப்பாட்டுக்காரன், வைத்த குழி எத்தனை, வெடித்த குழி எத்தனை என்று விரல் மடக்கிப் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் மட்டும், 'ஆச்சு' என்று ஒரு சொல் சொல்லுவான். அது காதில் விழுந்த பிறகுதான் எழுந்திருக்கலாம். ஆச்சு கேட்குமுன் எழுந்திருக்கிறவன் வீட்டில் அந்த ஊரார் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

அந்த மாசி மாதத்துக் காலையில் கரட்டின் வடக்கு முகத்தில் ஏழு குழி. மருந்து வைத்தவன் முத்துக்கண்ணு, ஒச்சப்பன் பெண்டாட்டி பவுனுக்கு உடன்பிறந்த அண்ணன். மூன்று உசாரும் சொல்லியாயிற்று. வெடி கிளம்பியது. ஒச்சப்பன் விரல்களை மடக்கினான். இடது கையில் ஐந்து விரல் மடங்கின, வலது கையில் ஒன்று. ஏழாவது விரல் மடங்கக் காத்திருந்தது. புழுதி அடங்கியது. அந்த விரல் நின்றபடியே நின்றது.

பாறைக்குப் பின்னால் படுத்திருந்தவர்கள் ஆச்சுக்காகப் படுத்திருந்தார்கள். காண்ட்ராக்டர் அழகுவேல் மட்டும், காண்ட்ராக்டர் என்பதால், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். கல் ஏற்ற லாரி நின்றுகொண்டிருந்தது.

"ஏழும் போயிருச்சுல்ல? சொல்லுய்யா."

"ஆறுதாங்க கேட்டுச்சு."

"ரெண்டு சேந்தாப்புல வெடிச்சிருக்கும்."

"சேந்து வெடிச்சா ரெண்டு பக்கமும் சரியும். மேற்கால மட்டுந்தான் சரிஞ்சிருக்கு. கெழக்கு ஓரத்துக் குழி ஊமையாக் கெடக்கு."

அழகுவேல் ஒச்சப்பனின் கையைப் பார்த்தார். இன்னும் அது ஆறு விரல் மடங்கியபடியே இருந்தது. "ரெண்டாப்பு தாண்டாதவன் எனக்குக் கணக்குச் சொல்றான்யா. வெரல விட்டு எண்ணுனா இப்பிடித்தான். ஒரு வெரல எந்தச் சட்டியில வச்சு நக்குனானோ."

படுத்துக்கிடந்தவர்களில் ஐந்து பேர் சிரித்தார்கள். ஒச்சப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டான். ஐந்தாவது முகம் முத்துக்கண்ணுவுடையது. கொஞ்சமாகத்தான் சிரித்தான், காண்ட்ராக்டர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாத அளவுக்கு. "ஏழுதான் மாப்ள," என்றான். "வச்சவன் நான் சொல்றேன். சொல்லிரு."

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாறையை விட்டு இறங்கினான். ஆச்சு சொல்லாமல், யாரையும் திரும்பிப் பாராமல், ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்குப் போனான். அவன் போன பிறகுதான், மூன்றாவது உசார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஆட்களுக்கு உறைத்தது. எதிரொலி என்று இருந்தார்கள். எதிரொலி தேயும். இது தேயவில்லை.

அன்றைக்கு ஊர் முழுக்கப் படுத்துக்கிடந்தது. உசார் கேட்கிறது, ஆச்சு வரவில்லை, எப்படி எழுந்திருப்பது? அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியிலும் வாத்தியார் மேஜைக்கு அடியிலும் படுத்தார்கள். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் கண்மாய்க் கரையில் ஈரச்சேலையோடு படுத்தார்கள். சவரக்கடையில் பாதி முகம் மழித்தவனும் மழித்துவிட்டவனும் ஒரே நாற்காலிக்குக் கீழே தலையைக் கொடுத்துக் கிடந்தார்கள். பொழுது சாயும்போது ஒரு கைப்பிள்ளைக்காரி பால் கொடுக்க எழுந்தாள். பிறகு பலரைப் பசி எழுப்பியது, சிலரை மூத்திரம் எழுப்பியது. எழுந்த ஒவ்வொருவரும், தான் முதல் ஆள் இல்லை என்று சுற்றிலும் பார்த்து உறுதிசெய்துகொண்டு வீட்டுக்குள் போனார்.

முதல் மாதம் ஊரே குனிந்து நடந்தது. பெண்கள் குடத்தைத் தூக்குவதும் வைப்பதும் தூக்குவதுமாகக் குழாயடியில் தவித்தார்கள். எல்லோர் முகத்தையும் எல்லோரும் பார்த்தார்கள், அதனால் பத்து வருஷமாகப் பார்க்காத முகங்களையும் பார்க்க வேண்டி வந்தது, இரண்டு பழைய பகை ஆறிப்போயிற்று, மூன்று புதுப் பகை முளைத்தது. காகங்கள் கிளம்பிப் போய்ப் பதினேழாம் நாள் திரும்பி வந்தன. தவிட்டுக்குருவிகள் வரவே இல்லை. மூன்றாம் மாதம் முதுகு வலித்து ஊர் நிமிர்ந்தது. ஆறாம் மாதம் பேச்சை உரக்கப் பேசப் பழகிக்கொண்டது. ஒரு வருஷத்தில் பங்குனித் திருவிழாவுக்கு வந்த நாதஸ்வரக்காரர், சுருதிப்பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு, அந்த உசாரையே சுருதியாக வைத்து வாசித்து, இப்படி நிலைத்த சுருதியைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்று சொல்லி வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

குவாரியைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். வெடிக்கு முன் எச்சரிக்கை கொடுக்கப்படுகிறதா என்று தாளில் ஒரு கேள்வி இருந்தது. அவர்கள் அண்ணாந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, 'எந்நேரமும் கொடுக்கப்படுகிறது' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு கூப்பாட்டுக்காரன் என்று ஒருத்தன் தேவைப்படவில்லை. ஒச்சப்பனுக்கு வேலை போயிற்று. அவன் ஆடு வாங்கி மேய்த்தான். மேய்ப்பது எந்தப் பக்கமானாலும் உட்காருவது கூப்பாட்டுப் பாறையில், வடக்கு முகத்தைப் பார்த்து.

அந்தச் சொல்லை நிறுத்த ஊர் சும்மா இருந்துவிடவில்லை. அழகுவேல் பாறைமேல் ஏறி ஆச்சு என்று கத்தினார். பூசாரி கத்தினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று சேர்ந்து கத்தினார்கள். ஒச்சப்பன் குரலில் பேசத் தெரிந்த ஒரு பலகுரல்காரனை உசிலம்பட்டியிலிருந்து கூட்டிவந்து கத்தவைத்தார்கள். அவன் அப்படியே ஒச்சப்பன் மாதிரிக் கத்தினான், ஆடுகளெல்லாம் அவனிடம் ஓடின, சொல் அசையவில்லை. எண்ணியவன் வாயால் வந்தாலொழிய நிற்காது என்று தெரிந்த பிறகு, முத்துக்கண்ணு வெற்றிலை பாக்கோடு தங்கச்சி வீட்டுக்கு வந்தான்.

"மாப்ள, ஒரு சொல்லுதான. சொல்லிரு. ஊருக்குக் காது போகுது."

ஒச்சப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை. "பவுனு, வந்தவருக்குத் தண்ணி குடு."

"வந்தவரா? நான் வந்தவனா?"

"தண்ணி வேணாம்னாக் கெளம்பச் சொல்லு."

அவன் கிளம்பிப் போனபின் பவுனு செம்பைத் தரையில் அடித்து வைத்தாள். "எங்கண்ணன் ஒரு நாள் சிரிச்சதுக்கு ஊரே செவிடாகணுமா?"

"ஒங்கண்ணன் பல்லைப் போயிக் கேளு."

ஒச்சப்பனுக்கு வேண்டியிருந்தது வெற்றிலையும் அல்ல, மன்னிப்பும் அல்ல. ஒரே ஒரு கேள்வி. சிரித்த ஐந்து பேரில் ஒருத்தனோ, சிரிக்க வைத்த அழகுவேலோ வந்து, 'எத்தனை கேட்டுச்சு ஒச்சப்பா?' என்று கேட்டால் போதும். ஆறு என்று சொல்லிவிடுவான். கூடவே போய், சரிந்த மண்ணைக் கையாலேயே தள்ளி, கிழக்கு ஓரத்தில் அந்த ஊமைக்குழியைக் காட்டிவிடுவான். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மருந்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். அரை நாள் வேலை. பிறகு ஆச்சு சொல்லிவிடலாம். வந்தவர்கள் எல்லோரும் சொல்லு சொல்லு என்றார்கள். எத்தனை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத் தானாகப் போய்ச் சொல்ல அவன் என்ன தண்டோராக்காரனா? முத்துக்கண்ணு மகள் கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. சிரித்தவர்களில் ஒருவன் செத்தபோது, பிணம் தெருவைக் கடக்கும்வரை ஆட்டைத் தேடுகிற மாதிரி வேறு திசையைப் பார்த்து நின்றான். ஒருத்தன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தபோது, உட்காராமல் ஆண்டிபட்டி வரைக்கும் நின்றே போனான்.

இப்படி இரண்டு வருஷம் போய், மூன்று வருஷம் போய், ஊர் அந்தச் சொல்லுக்கு அடியிலேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கிடாய் வெட்டி, பங்காளிச் சண்டை போட்டு, அதைக் கேட்பதை விட்டது. விட்ட நாள் எது என்று யாருக்கும் தெரியாது. பிறந்த ஊருக்குப் பிரசவத்துக்குப் போன பெண்கள் அங்கே தூக்கம் வரவில்லை என்று பத்து நாளில் திரும்பினார்கள். காற்றுக்குச் சத்தம் எப்படி இருக்கும் என்று வாத்தியார் கேட்டால், சின்னப் பிள்ளைகள் உசார் என்று இருக்கும் சார் என்றார்கள். அது ஒரு சொல் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆற்றுக்குப் போகிற பிள்ளையிடம் உசாராப் போ என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வரவில்லை, மேலேதான் கேட்டுக்கொண்டிருக்கிறதே. அதனால் பாத்துப் போ என்றார்கள். கொஞ்ச நாளில் பாத்து என்பதும் அந்த இரைச்சலில் தேய்ந்தது. சூதானம் என்றார்கள். சூதானமும் தேய்ந்தது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கி அனுப்பினார்கள். பிள்ளைகள் அதற்கும் பழகிக்கொண்டன.

யாராவது வெளியூர்க்காரர், இது என்னய்யா சத்தம் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டு, அது ஒச்சப்பன் கோபம் என்றார்கள். அப்படித்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாறியது. கிழக்கு ஓரத்தில் ஒரு குழி மருந்தோடு கிடக்கிறது என்பது உதிர்ந்துபோய், ஒரு மனுஷன் முறுக்கிக்கொண்டு திரிகிறான் என்பது மட்டும் நின்றது. ஒச்சப்பனுக்கே சில நாள் அப்படித்தான் தோன்றியது. பாறைமேல் உட்கார்ந்து விரல் மடக்கிப் பார்ப்பான். ஆறு வரும். இன்னொரு தரம் மடக்குவான். ஏழு வந்துவிடும். அன்றைக்கு எண்ணியது காதா, கோபமா? காது எண்ணி முடித்த பிறகுதானே கோபம் வந்தது? அல்லது அதற்கு முன்னாலேயே, அழகுவேல் தன்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத அந்தப் பத்து வருஷத்திலேயே, ஒரு விரல் மடங்க மறுத்துவிட்டதா?

ஐந்தாம் வருஷம் ஆடி மாதம், ஆடுகளைத் தவிர யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், அவன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, துண்டுக்குள்ளேயே, ஆச்சு என்று சொல்லிப் பார்த்தான்.

சொல் நிற்கவில்லை. நூல் அளவுகூடத் தணியவில்லை.

எண்ணியவன் வாயால் சொல்லியும் நிற்கவில்லை என்றால், எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று அர்த்தம். ஆறுதான். ஏழாவது அங்கேதான் கிடக்கிறது. ஒச்சப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். ஐந்து வருஷமாக அவன் உடம்பில் இல்லாத ஒரு குளிர்ச்சி வந்தது. தான்தான் சரி. அவன் அந்த மத்தியானமே கீழே இறங்கிப் போயிருக்கலாம். போனால் முதலில் முத்துக்கண்ணு வீட்டு வாசல்தான் வரும். முத்துக்கண்ணு தயிர் சோறு தின்றுகொண்டிருப்பான், நிமிர்ந்து பார்த்து, என்ன மாப்ள, கோவம் ஆறிருச்சா என்பான். கோவம். அந்த ஒரு வார்த்தை காதில் விழுவதை நினைத்ததும் அவன் மறுபடியும் பாறையில் உட்கார்ந்துகொண்டான். அவர்களே வந்து கேட்கட்டும். இப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்துவிட்டதே, இனிக் காத்திருப்பது சுலபம் என்று இருந்தான்.

அவனுக்கு ஒரு மகன், ஜெயக்கொடி. மாமன் முத்துக்கண்ணுவே அவனைக் குவாரிக்குக் கூட்டிப்போய் டிரில் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். கற்றுக்கொடுத்தவன் யார் என்பதால் ஒச்சப்பன் மகனிடமும் தேவைக்குமேல் பேசுவதில்லை. ஒன்பதாம் வருஷம் தை மாதம் ஜெயக்கொடிக்குக் கம்பம் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். இந்துராணி என்று பேர். ஆரத்தி எடுத்து வாசலில் நிறுத்தியபோது, அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"யாரோ உசார்னு கத்துறாங்க. நீங்கள்லாம் சும்மா நிக்கிறீங்க?"

கல்யாணக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அது ஒங்க மாமனாரும்மா," என்றான் முத்துக்கண்ணு. "ஒம்பது வருசமா ஒன்னைய வரவேத்துக்கிட்டு இருக்காரு."

ஒச்சப்பன் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு அப்பால் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் அவன் சொன்னதைக் கேட்டுக் கையில் இருந்ததைக் கீழே வைத்த முதல் ஆள். பத்து நாள் அவள் பாத்திரத்தைத் தூக்கும்போதெல்லாம் தயங்கினாள். மாசி பிறந்தபோது அவளும் உரக்கப் பேச ஆரம்பித்திருந்தாள்.

அந்த மாசியில் தெற்கு முகத்தில் கல் தீர்ந்தது. ஒன்பது வருஷமாகத் தெற்கையே தின்று, கரடு அந்தப் பக்கம் பள்ளமாகிவிட்டது. நல்ல கல் இனி வடக்கில்தான். ஆரம்பத்தில் வடக்குப் பக்கம் போக மறுத்த ஆட்கள் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு ஏன் மறுத்தோம் என்பது நினைவில்லை. நாளைக்கு வடக்கு முகத்தில் கிழக்கு ஓரத்திலிருந்து குழி போடலாம் என்று அழகுவேல் சொல்லிவிட்டார். டிரில் ஜெயக்கொடிக்கு.

விடிந்ததும் ஜெயக்கொடி கஞ்சி குடித்துக் கை கழுவிவிட்டு, ஆட்டுப்பட்டியைத் திறந்துகொண்டிருந்த அப்பன் பக்கத்தில் வந்து நின்றான். இந்துராணிதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டிருந்தாள். ஒரு தரம் கேட்டுட்டுப் போங்க என்று.

"அய்யா. இன்னைக்கு வடக்கால போடச் சொல்றாக."

ஒச்சப்பன் ஆடுகளை எண்ணினான்.

"அங்கன ஒரு ஊமைக்குழி கெடக்குன்னு அந்தக் காலத்துல நீங்க சொன்னீகளாம்ல. ஆத்தா சொல்லுது. நெசமாவே கெடக்காய்யா?"

கேள்வி வந்துவிட்டது. ஒன்பது வருஷம் அவன் பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்த கேள்விக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு கேள்வி. கேட்க வேண்டியவன் வாயிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். மகன் முகத்தைப் பார்த்தான். பவுனு மூக்கு, முத்துக்கண்ணு தாடை. அந்தத் தாடை கொஞ்சமாக, கொஞ்சம்தான், சிரிக்கப் போவது போல இருந்தது. உண்மையில் அவன் சிரிக்கவில்லை. பயத்தில் பல்லைக் கடித்திருந்தான்.

"வச்சவன் ஒங்க மாமன். அவனைப் போயிக் கேளு," என்றான் ஒச்சப்பன்.

"மாமா ஏழும் போயிருச்சுன்னுதான்யா சொல்றாரு."

"அப்பறம் என்ன? படிச்ச புள்ள. ரெண்டாப்பு தாண்டாதவன்ட்ட என்ன கேள்வி?"

 ஜெயக்கொடி தலைத்துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாறைக்குப் போகிற வழியெல்லாம் ஒச்சப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டு போனான். பையன் போய் முத்துக்கண்ணுவிடம் சொல்லுவான், அய்யா இப்படிச் சொன்னாரு என்பான், முத்துக்கண்ணு யோசிப்பான், அழகுவேலிடம் போவான், இரண்டு பேரும் பாறைக்கு வருவார்கள், வந்து கேட்பார்கள். இன்றைக்குக் கேட்டுவிடுவார்கள். வராவிட்டாலும் கம்ப்ரசர் சூடேற நேரம் ஆகும், அதற்குள் தானே இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். முதலில் அவர்கள் வருகிறார்களா என்று பார்க்கலாம்.

பாறையில் உட்கார்ந்து பார்த்தான். யாரும் வரவில்லை. கம்ப்ரசர் வண்டியை வடக்கு முகத்துக்குத் தள்ளினார்கள். அழகுவேல் குடை பிடித்து நின்று கையால் இடம் காட்டினார். ஜெயக்கொடி தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டிரில்லைத் தூக்கி, சரிந்த மண்ணைக் காலால் விலக்கி, கிழக்கு ஓரத்தில் வைத்தான். வைத்த இடம் ஒரு முழம் தள்ளியிருக்கலாம், அரை முழம் தள்ளியிருக்கலாம். ஒச்சப்பன் கண்ணுக்கு அது அப்படியே ஏழாவது விரலின்மேல் வைத்தது போல் இருந்தது.

அவன் எழுந்தான். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தான். அந்த நேரத்துக்கு அவனிடம் இருந்தது ஒரே ஒரு சொல். உசார் என்று கத்தினான். வெள்ளம் போகிற ஆற்றில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது போல அது மேலே நின்றுகொண்டிருந்த தன்னோடு போய்ச் சேர்ந்து காணாமல் போயிற்று. அவன் காதுக்கே கேட்கவில்லை. இரண்டாவது உசார் கத்தினான். மூன்றாவது கத்தினான். மகன் பேரைக் கத்தினான். நிறுத்துடா என்று கத்தினான், ஆறுடா என்று கத்தினான், ஒன்பது வருஷமாகக் கத்தப் பழகாத சொல்லையெல்லாம் கத்தினான். ஒவ்வொன்றையும் அந்தப் பழைய உசார் வாங்கி விழுங்கிக்கொண்டது. பிறகு துண்டை எடுத்துத் தலைக்குமேல் வீசினான், வீசிக்கொண்டே பாறையிலிருந்து இறங்கினான், முட்டி மடங்கி விழுந்தான், விழுந்த இடத்திலிருந்தும் வீசினான்.

ஜெயக்கொடி பார்த்துவிட்டான். டிரில்லின் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பாறைப் பக்கம் பார்த்தான். அப்பன் துண்டை வீசுகிறார். ஒன்பது வருஷத்தில் அவர் வடக்கு முகத்தைப் பார்த்து, மனிதர்களைப் பார்த்து, கை அசைத்ததே இல்லை. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்து, இவனும் கையை உயர்த்தி ஆட்டினான். பிறகு இரண்டு கையாலும் டிரில்லைப் பிடித்து அழுத்தினான்.

ஏழாவது வெடித்தது.

புழுதி எழுந்தது, எழுந்து கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் அடங்கியது. அது அடங்கும்போது, ஒன்பது வருஷமாக ஊருக்கு மேலே நின்ற சொல்லும் நின்றுவிட்டது.

குருவிக்கரட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. ஒன்பது வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு நிசப்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. குழாயடியில் பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்தார்கள். சவரக்கத்தி கீழே இறங்கியது. ஊர் முழுக்க, ஒருவரும் சொல்லாமல், எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள், யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று. பிறகு கிடைத்த பாறைக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால், மாட்டுத் தொட்டிக்குப் பின்னால், குப்புறப் படுத்தார்கள். மகனுக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்துகொண்டிருந்த பவுனு, குவாரிப் பாதையில், தூக்குப்போணியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் பார்க்க ஒரு முகமும் இல்லாமல், ஒற்றைப் பாறைக்குப் பின்னால் படுத்தாள். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் ஊர் உசாராக இருந்தது.

ஒச்சப்பன் மட்டும் நடந்து போனான். போய் வடக்கு முகத்தில், கிழக்கு ஓரத்தில், தரையில் உட்கார்ந்தான். மகனின் தலைத்துண்டு ஒரு கல்லில் மாட்டிக்கிடந்தது. அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டான். மற்றதைத் தன் துண்டால் மூடினான்.

வெயில் ஏறியது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அழகுவேலும் குடையைப் போட்டுவிட்டு, கம்ப்ரசர் சக்கரத்துக்குப் பின்னால் புழுதியில் முகம் புதைத்துக் கிடந்தார். கடைசியில் முத்துக்கண்ணு, வலது காதிலிருந்து ரத்தம் வடிய, முட்டி போட்டு ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஒச்சப்பனுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றான். துண்டால் மூடியிருந்ததைப் பார்த்தான். வாய் கோணியது. அழுகை வருமுன் வேறு ஒன்று வந்தது.

"எத்தனை மாப்ள?" என்று கேட்டான்.

ஒச்சப்பன் தன் கைகளைப் பார்த்தான். இடது கையில் ஐந்து, வலது கையில் இரண்டு.

"ஏழு," என்றான்.

முத்துக்கண்ணு தலையைத் தரையில் முட்டினான். முட்டிக்கொண்டே சொன்னான்: "சொல்லிரு மாப்ள. தங்கச்சி அந்தப் பாதையில கெடக்கா. நீ சொல்லாம அவ எந்திரிக்க மாட்டா. புள்ளையப் பாக்க வர மாட்டா."

ஒச்சப்பன் வாயைத் திறந்தான். தொண்டை அசைந்தது, உதடு அசைந்தது. ஒன்பது வருஷம் பற்களுக்குப் பின்னால் பிடித்து வைத்திருந்த அந்தச் சின்னச் சொல் அங்கே இல்லை. துண்டுக்குள் ஒரு தரம் சொல்லி வீணாக்கியது நினைவுக்கு வந்தது. மறுபடியும் திறந்தான். காற்று வந்தது.

கீழே, பாதை ஓரத்தில், பவுனு சுடுகிற தரையில் கன்னத்தை வைத்து, சோற்றுப்போணி ஆறிப்போகிறதே என்று அதைப் பார்த்தபடி, ஆச்சு என்று அவன் சொல்லட்டும் என்று காத்துக்கிடந்தாள்.